தோளுக்கேற்ற துப்பாக்கி

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி துப்பாக்கி வாங்குவதைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். காரணம் உண்டு. இங்கிலாந்தில் தாதியாகப் பணிபுரியும் என் அக்காள் மகள், களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் ஈடுபாடு கொண்டு, "சித்தி, எனக்கென்று ஒரு துப்பாக்கி வாங்கப் போகிறேன். அம்மாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றாள்.

அக்காளுக்கோ உறக்கம் போயிற்று. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், கடுந்தண்டனைகளை விதித்த 1971-ஆம் ஆண்டின் சட்டமும் உள்ள மலேசியாவில் வளர்ந்தவர்கள் நாம். துப்பாக்கி என்பது காவலரின் இடுப்பிலும், நகைக்கடை வாசலில் நிற்கும் காவலாளியின் கையிலும் மட்டுமே நாம் காணும் பொருள். ஒன்றை அறியாமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே, பள்ளி விடுமுறையில் அவளிடம் சென்றிருந்தபோது, அவள் பயிலும் களத்தில் இரண்டு நாள் உடனிருந்து பார்த்தேன், பயிற்றுநரிடமும் கேட்டறிந்தேன்.

முன்னாளில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர். அதற்கு மாற்றாக வந்ததே இந்தத் தட்டு. 110 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 105 கிராம் எடையும் கொண்டது. பெயரில் களிமண் இருந்தாலும், இன்று கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்தே செய்கின்றனர். பொறியொன்று அதை வானில் எறிகிறது. தோட்டாவிலிருந்து பரவும் சிறு உலோக மணிகள் பட்டுத் தட்டு சிதறுகிறது. 1998-ஆம் ஆண்டு நம் நாட்டில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகளின்போது துப்பாக்கிச் சுடும் போட்டிகள் லங்காவியில் நடந்தன. புதுக்கோட்டை அரச மரபைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து மோதிய 'ஸ்கீட்' போட்டியில் தங்கம் வென்றவர் ஜாங் ஷான் என்னும் சீனப் பெண்மணி. இதைச் சொன்னபோது அக்காள் சற்றே செவிசாய்த்தார்.

பயிற்றுநர் முதலில் சொன்னது, "இப்போது வாங்காதே" என்பதுதான். காவல்துறையின் ஒப்புதல் பெற்ற களங்களில், சான்றிதழ் இல்லாதவரும் களத்தின் துப்பாக்கியைக் கொண்டு மேற்பார்வையில் பயிலலாம். சில மாதங்கள் அவ்வாறு பயின்றால், தன் உடலுக்கு எது பொருந்தும் என்பது தானே விளங்கிவிடும்.

அடுத்தது கண். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுள் சிலருக்கு இடக்கண்ணே மேலோங்கியிருக்கும். இதை வகுப்பறையிலும் சோதித்துப் பார்க்கலாம். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, தொலைவிலுள்ள ஒரு பொருளை அதன்வழி நோக்குங்கள். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கையில் பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே மேலோங்கிய கண். அக்காள் மகளுக்கு அது இடக்கண். ஒரு கண்ணை மூடிச் சுடுவதும் ஒரு வழியே. ஆயினும், புதிதாகத் தொடங்குபவள் என்பதால், இடத்தோளிலிருந்தே சுடப் பயிற்றுநர் பழக்கினார். அவசரப்பட்டு வாங்கியிருந்தால், வலத்தோளுக்கென வளைத்த கட்டையல்லவா வீட்டில் கிடந்திருக்கும்!

கட்டை என்பது தோளில் அண்டும் மரப்பகுதி. இதில்தான் செய்தியே இருக்கிறது. ரைபிளில் உள்ளதுபோல் இந்தத் துப்பாக்கியில் பின்குறி கிடையாது. முனையில் ஒரு சிறு மணி மட்டுமே உண்டு. சுடுபவரின் கண்ணே பின்குறி. கன்னம் படியும் இடம் தாழ்ந்திருந்தால் கண் குழலுக்குப் பின்னே மறையும். உயர்ந்திருந்தால் மணிகள் தட்டுக்கு மேலே போகும். கட்டை நீண்டிருந்தால் தோளில் ஏற்றும்போது உடையில் சிக்கும். கடைகளில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை நடுத்தர உயரமுள்ள, வலக்கைப் பழக்கம் உள்ள ஆண்களின் அளவுக்குச் செய்தவை. பெண்களும் இடக்கையரும் பெரும்பாலும் கட்டையைத் திருத்த வேண்டியிருக்கும். பெரெட்டா, பிரௌனிங், மிரோக்கு என்று பெயர்களை அடுக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எடையிலும் நம் கணிப்பு தவறுகிறது. பெண்பிள்ளைக்கு இலேசான துப்பாக்கியே நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஒரே தோட்டாவைச் சுட்டால், இலேசான துப்பாக்கிதான் தோளை வன்மையாக உதைக்கும். வலிக்குமே என்ற அச்சம் வந்துவிட்டால், விசையை இழுக்குமுன் கண் தானே மூடிக்கொள்ளும். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள பன்னிரண்டாம் எண் துப்பாக்கியும், 21 அல்லது 24 கிராம் மணிகள் கொண்ட தோட்டாவும் தொடக்கத்துக்கு ஏற்றவை என்றார் பயிற்றுநர். பன்னிரண்டாம் எண் என்றால், குழலின் விட்டத்துக்கு ஒத்த ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்து ஒரு பவுண்டு எடை. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த, நடுவில் மடித்துத் திறக்கும் வகையையே அவர் பரிந்துரைத்தார். தானே தோட்டா ஏற்றும் வகை குறைவாக உதைக்கும் என்பது உண்மையே. ஆனால், மடித்துத் திறந்த துப்பாக்கி வெறுமையாக இருப்பதை எட்ட நிற்பவரும் கண்ணால் காணலாம். களத்தில் எல்லோரும் திறந்த துப்பாக்கியோடுதான் நடந்தனர். "நான் ஆபத்தற்றவன்" என்று வாயால் சொல்லாமல் செயலால் காட்டும் இந்த ஒழுங்கு என்னைக் கவர்ந்தது.

புதியது தேவையில்லை; நல்ல பழைய துப்பாக்கி ஆயிரம் பவுண்டுக்கும் குறைவாகக் கிடைக்கிறது. துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் சோதித்த பின்னரே வாங்க வேண்டும். 1813-இல் தோன்றிய பர்மிங்காம் சோதனை நிலையம் போன்றவை குழலில் பொறித்த முத்திரையையும் பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ எட்டு மாதப் பயிற்சிக்குப் பின் அவள் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாள். காவல்துறையினர் மருத்துவரின் தகவலைப் பெற்றனர். வீட்டுக்கு வந்து இரும்புப் பேழையையும் பார்வையிட்டனர். சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அக்காள் கேட்டது ஒன்றே: "பேழையின் சாவி யாரிடம் இருக்கும்?" சான்றிதழ் இல்லாத எவர் கைக்கும், வீட்டில் உடன் வசிப்பவர் கைக்கும்கூட, அது எட்டக்கூடாது என்பதே அங்குள்ள விதி என்றேன். அக்காளின் அச்சம் முழுதும் நீங்கிவிடவில்லை. ஆனால் "பார்த்து நடந்துகொள்ளச் சொல்" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

பெற்றோர்களே, பிள்ளை ஆசைப்பட்டவுடன் வயலினோ மட்டையோ கணினியோ விலை உயர்ந்ததாகப் பார்த்து வாங்கித் தந்துவிடுகிறோம். பிள்ளையின் கையையும் கண்ணையும் தோளையும் பார்க்க மறக்கிறோம். முதலில் இரவல் கருவியில் பயிலட்டும். ஒழுங்கு படியட்டும். எது தனக்குப் பொருந்தும் என்று பிள்ளையே சொல்லும் நாள் வரும். அன்று வாங்கிக் கொடுங்கள்.