அப்பாவும் உப்புத் தண்ணீரும்

ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கடலுக்குக் கொடுத்தவை: ரப்பர் தவளை 2, தூண்டில் முள் 11, நைலான் நரம்பு சுமார் 60 மீட்டர், என் இடது கால் செருப்பு. கடல் எங்களுக்குக் கொடுத்தது: ஒரே ஒரு பேத்தை மீன். கையில் எடுத்ததும் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு எங்களையே முறைத்தது. விஷ மீன், தின்னவும் முடியாது. பி.காம். படித்த பாவத்துக்கு இதையெல்லாம் வரவு செலவு எழுதி வைத்திருக்கிறேன். என் மனைவியும் பி.காம். என்பதுதான் பிரச்னை.

'நாங்கள்' என்றால் நானும் அப்பாவும்.

அம்மா போன பிறகு அப்பாவை மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். மூன்றாவது மாடி. வந்த நாளிலிருந்து அவர் செய்த ஒரே வேலை, காலையில் எழுந்து தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது. கிழித்ததை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஊருக்கு எப்படா போறோம்?" என்பார். நான் "பார்க்கலாம்ப்பா" என்பேன். அவ்வளவுதான். அடுத்த தாள் கிழிக்கும் வரை பேச்சு கிடையாது.

ஊரில் அவர் இப்படி இல்லை. குளத்தில் விரால் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சித்திரை வெயிலில் ஒன்றுமே கடிக்கவில்லை என்று எல்லோரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் இவர் கிளம்புவார். "வெயிலு உனக்கு மட்டுந்தான் சுடுமா? நீ எங்க ஒதுங்கி நிப்பியோ, மீனும் அங்கதான் நிக்கும்" என்பார். தாமரை இலைக்கு அடியில். படித்துறை இடுக்கில். மரநிழல் விழுகிற மூலையில். இரையைச் சின்னதாக மாட்டு, மெதுவாக இழு, உன் நிழல் தண்ணீரில் விழக்கூடாது, வாயை மூடு. இவ்வளவுதான் பாடம்.

விராலுக்குச் செவுள் மூச்சு மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். அப்பா ஒரு பீடி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். எங்கேயோ 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கு இரண்டு முழம் தள்ளித் தவளையைப் போடுவார். கவ்வியவுடன் சுண்ட மாட்டார். மனசுக்குள் மூன்று எண்ணுவார். அப்புறம்தான் இழுப்பு.

ஒரே ஒரு சமயம் மட்டும் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். சிவப்பாக விரால் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால், அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். "பிள்ளைங்களோட இருக்கிறதைப் பிரிச்சு இழுக்கக் கூடாதுடா."

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் இழுத்துக்கொண்டு வந்து மூன்றாவது மாடியில் போட்டிருந்தேன்.

ஒரு ராத்திரி, பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவில் 'பாஸ்' என்று ஒரு ஏரி மீன். அங்கே அதைப் பிடிப்பது நம்மூர் கிரிக்கெட் மாதிரி ஒரு பைத்தியம். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்சு, நம் கணக்கில் சுமார் 10 கிலோவில், ஒன்று பிடித்தார். அது உலக சாதனை. அதற்குச் சமமாக ஒரு மீன் மாட்ட, 2009-ல் ஜப்பானில் பீவா ஏரி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. "பெர்ரி அந்த மீனை என்ன பண்ணினார் தெரியுமாப்பா? வீட்டுக்கு எடுத்துப் போய்க் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டார்!"

அப்பா சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு. "பின்னே என்ன செய்வான்? கொழம்பா, வறுவலாடா?"

மறுநாளே ரீல் வைத்த தூண்டில் வாங்கிவிட்டேன். இடம், கோவளத்துக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டுக் கழிமுகம். குறி, கொடுவா. ஹோட்டல் மெனுவில் 'சீ பாஸ்' என்று வந்து பர்ஸைக் காலி செய்கிற அதே மீன்தான். கழிமுகத்து உப்பில் பிறந்து, நல்ல தண்ணீரிலும் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி உப்புக்கு வரும். முதலில் ஆணாக இருந்து, பெரிதான பின் பெண்ணாக மாறிவிடும். இதைச் சொன்னபோது அப்பா, "நமக்கு அவ்வளவு தாங்காதுப்பா. மெட்ராசுக்கு மாறினதே போதும்" என்றார்.

அப்புறம் நடந்ததுதான் முதல் பாராவில் இருக்கிறது. நிழல் தேடினார், இல்லை. 'ப்ளக்' கேட்கக் காது கொடுத்தார், அலைச் சத்தம்தான் கேட்டது. ஆறாவது வாரம் பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி, "இந்தத் தண்ணி எனக்குப் புரியலடா. ரீலை வித்துடு" என்றார். எனக்குத் தொண்டையை அடைத்தது.

ஏழாவது வாரம், கடைசித் தடவை என்று கெஞ்சி அழைத்துப் போனேன். வீச்சு வலையோடு வந்த ஒருவர் எங்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னா பெருசு, நிக்கிற தண்ணில போட்டுக்கினு கீறே? வத்தம் பிடிக்கட்டும். தண்ணி ஓடுனாத்தான் மீனு கடிக்கும்."

அப்பா எழுந்து அவரிடம் போனார். "எப்படி தம்பி?"

அவர் மணலில் கோடு போட்டுக் காட்டினார். குளத்தில் மீன் இரையைத் தேடிப் போகும். இங்கே இரை மீனிடம் வரும். கடல் வற்றும்போது உள்ளே இருக்கிற இறாலும் மடவைக் குஞ்சும் ஓட்டத்தோடு இழுத்துக்கொண்டு வரும். கொடுவா கல்லுக்கும் பாலத் தூணுக்கும் பின்னால் பதுங்கி, ஓட்டத்துக்கு எதிராக வாயை வைத்துக்கொண்டு நிற்கும். ஏற்றமும் வற்றமும் தினம் இரண்டு தடவை, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளித் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலம். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் ஓட்டமே இல்லை. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும், ஆகையால் முள்ளுக்கு மேலே தடித்த நரம்பு வேண்டும். வீட்டுக்குப் போனதும் ரீலை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அட, இங்க கல்லுதான்டா தாமரை எலை!" என்றார்.

வத்தம் பிடித்தது. கல்லுக்கு மேல்பக்கம் உயிர் இறாலைப் போட்டு ஓட்டத்தோடு விட்டார். மூன்றாவது தடவை கழி வளைந்தது. வெள்ளி மாதிரி ஒன்று தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியது. "நரம்பை விடுப்பா, விடுப்பா" என்று நான் கத்த, "வாயை மூடுடா" என்றார். பழைய அப்பா!

ஒன்றேகால் கிலோ. குழம்பு. என் மனைவி வரவுப் பக்கத்தில் முதல் தடவையாக ஏதோ எழுதினாள்.

மறுநாள் காலை காலண்டரைக் கிழித்தார். ஊர்ப் பேச்சு வரும் என்று "பார்க்கலாம்ப்பா"வைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ அடுத்த தாள்களைத் தூக்கித் தூக்கித் திதி பார்த்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அமாவாசைடா. தண்ணி நல்லா இழுக்கும்."

"அமாவாசை அன்னிக்கு வீட்டுல மீனா?" சமையலறையிலிருந்து குரல்.

அப்பா கொஞ்ச நேரம் சுவரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்க அத்தைக்குப் படைச்சுக் கும்பிட்டுடுவோம்மா. திங்கக்கிழமை போறோம். மறுநாளும் அப்படித்தான் இழுக்குமாம், அந்தத் தம்பி சொன்னான்."

ஆபீஸ் இல்லாத உத்தியோகம் பார்ப்பதில் இப்படி ஒரு லாபம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.