ஏலகிரி: படகு சவாரி முடிந்ததா? பறைச் சத்தத்துக்கும் காது கொடுங்கள்!

வார இறுதியில் ஏலகிரிக்குப் போகிறவர்கள் ஜோலார்பேட்டையில் ரயில் இறங்கி, பொன்னேரி வழியாக மலை ஏறுவார்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மேலே புங்கனூர் ஏரியில் படகு சவாரி, இயற்கைப் பூங்கா, சீசனில் பலாப்பழம். பலருடைய சுற்றுலா இதோடு முடிந்துவிடும்.

ஆனால், மலையில் இருப்பது ரிசார்ட்டுகள் மட்டுமல்ல. தலைமுறைகளாக இங்கே வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ்தான்.

இவர்களின் பிள்ளைகள் உட்பட அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022-ல் ஒரு மேடை கிடைத்தது. பள்ளிக் கல்வித் துறையின் 'கலைத் திருவிழா'! நாட்டுப்புறப் பாடல், தோல் கருவி இசை, களிமண் சிற்பம் எனப் பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் வரை போட்டிகள். வென்றால் கலையரசன், கலையரசி பட்டம்.

இதில் பறைக்குக் கிடைக்கும் இடம் முக்கியமானது. சாவு வீட்டோடும் சாதியோடும் சேர்த்து ஒதுக்கப்பட்ட கருவி அது. இன்று பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. பள்ளி மேடையில் எல்லாப் பிள்ளைகளும் அதைத் தொட்டு வாசிக்கும்போது, பழைய ஒதுக்கலும் கொஞ்சம் உடைகிறது.

மலைக்குக் கீழே ஆம்பூர், வாணியம்பாடியில் தோலைப் பதனிட்டு ஷூ தைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். பறைக்கு அந்தத் தோல் உதவாது; பதனிடாத மாட்டுத்தோலை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். ஈரக்காற்று பட்டால் தோல் தளர்ந்துவிடும். தீயில் காய்ச்சினால்தான் 'கணீர்' என்று பேசும். எவ்வளவு காய்ச்சுவது, எந்தக் குச்சியை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் ஆசான் பக்கத்தில் நின்று கற்க வேண்டியவை.

மெக்சிகோவின் மரியாச்சி இசை 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் பல பள்ளிகளில் அதற்கு வகுப்பே நடக்கிறது. வருடம் முழுக்கப் பயிற்சி, பிறகு போட்டி.

நமக்கும் தேவை அதுதான். போட்டிக்கு முந்தைய சில வாரப் பயிற்சியால் பரிசு வாங்கலாம், கலை தங்காது. ஊர்க் கலைஞர் ஒருவர் வாரம் ஒரு பீரியட் சம்பளத்தோடு வகுப்புக்கு வந்தால், பிள்ளைகளுக்குக் கலை கிடைக்கும், அவருக்கும் வருமானம் கிடைக்கும்.

அடுத்த முறை ஏலகிரி போனால், படகுத் துறையோடு திரும்பிவிடாதீர்கள். ஊர்த் திருவிழா நடந்தால் ஓரமாக நின்று கேளுங்கள். போட்டோ எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.