வேப்பிலையும் வெள்ளியும்

வேப்பிலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அம்மை போட்ட வீட்டு வாசலில் செருகுவோம். சித்திரை பிறந்தால் பூவைப் பச்சடி செய்வோம். அதோடு அதன் மகிமை தீர்ந்தது என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

புனா தேசிய ரசாயன ஆராய்ச்சிக்கூடத்தில் முரளி சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் அப்படி எண்ணவில்லை. வேப்பிலையைக் கொதிக்க வைத்து வடித்த கஷாயத்தைச் சில்வர் நைட்ரேட் கரைசலோடு கலந்தார்கள். உப்பில் கட்டுண்டிருந்த வெள்ளி, இலைச்சாற்றின் சத்துக்களால் விடுபட்டுத் துகள் துகளாகப் பிரிந்து நின்றது. 2004-ல் இதை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற துகள் அல்ல. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அப்படிப்பட்ட நூறு கூறுக்கும் உட்பட்டவை.

கொரட்டூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் எம்.எஸ்ஸி. ரசாயனம் படிக்கிறாள். கல்லூரியில் இதையே செய்து பார்த்தாளாம். "வெளிர் மஞ்சளா இருந்தது பழுப்பா மாறிடும், மாமா. மாறினா வெள்ளி வந்தாச்சுன்னு அர்த்தம்" என்றாள். நான் கல்லூரியில் கற்ற ரசாயனமோ, சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுத்துவிடும் என்பதோடு நின்றுவிட்டது.

என் பெரியம்மாவின் கால் புண் மட்டும் இல்லாதிருந்தால், இதை ஒரு வேடிக்கையாகவே கேட்டு விட்டிருப்பேன். அவளுக்குச் சர்க்கரை வியாதி. புண் மூன்று மாதமாக ஆறவில்லை. கிருமியைச் சோதித்த டாக்டர், வழக்கமான மருந்துகளில் நான்கு பலிக்காது என்று சீட்டில் கோடு போட்டுக் காட்டினார். மருந்தை அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று பெனிசிலின் கண்ட பிளெமிங் 1945-லேயே எச்சரித்தார். யார் கேட்டோம்?

கடைசியில் வெள்ளி கலந்த கட்டுத் துணி போட்டார்கள். வெள்ளி ஒரே இடத்தில் அடிப்பதில்லை. கிருமியின் மேல்சவ்வைக் குலைக்கும். உள்ளே புகுந்து புரதங்களைப் பற்றிக்கொள்ளும். அதற்கும் மசியாத கிருமிகள் உண்டு என்றாலும், தப்புவது சுலபமல்ல. அந்தத் துணியின் வெள்ளி வேப்பிலையில் பிறந்ததல்ல. இலை வழி இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்திலேதான் இருக்கிறது. ஆனால் 2009-ல் டாடா கம்பெனி உமிச்சாம்பலில் வெள்ளித் துகளை ஏற்றி, மின்சாரம் வேண்டாத குடிநீர் வடிகட்டியைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டது.

இதைக் கேட்ட பெரியம்மாவுக்கு ஒரு யோசனை. "ஏம்மா, அந்த வெள்ளியை நம்ம ஏரியிலே கொட்டினா சுத்தமாயிடாதா?"

"மீனுக்கும் ஆபத்து, பாட்டி. அழுக்கைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கிற நல்ல கிருமியும் செத்துப்போயிடும்" என்றாள் அந்தப் பெண்.

கொரட்டூர் ஏரியில் பல வருஷமாகச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பரவ இத்தகைய சாக்கடையும் ஒரு வழி. புண்ணுக்கு வெள்ளி தேடும் நாம், ஏரிக்குள் வரும் சாக்கடையைத் தடுக்க எந்த இலைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

பெரியம்மாவின் புண்ணில் இன்னும் ஒரு ரூபாய் நாணயம் அளவு பாக்கி இருக்கிறது.