சோழவரத்து ஓடுபாதை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் நண்பர் ஒருவர், காயலான் கடையில் ஒழிந்த இரும்பு எவ்வாறு முறுக்குக் கம்பியாகப் புனர்ஜன்மம் எடுக்கிறது என்பதை நேரில் வந்து பார்க்கும்படி நெடுநாளாக வற்புறுத்தி வந்தபடியால், சென்ற மாசியில் ஒரு நாள் காலை மாதவரத்தில் பஸ் ஏறினேன். இடப்புற ஜன்னலோரம் இடம் கிடைத்தது பாக்கியம். புழல் ஏரிக்கரை அந்தப் பக்கந்தான் வரும்.

சென்னைவாசிகள் பருகும் அந்த ஜலத்தின் மேல், இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆங்கிலேயரின் கேட்டலினா என்னும் பறக்கும் படகுகள் இறங்குவதும் எழும்புவதுமாக இருந்தன என்றால், இன்று கரையில் காற்று வாங்க வருகிறவர்களில் எத்தனை பேர் நம்புவார்கள்? செங்குன்றத்து அரிசி ஆலைகளின் தவிட்டு வாசனை வந்து மறைந்தது. சோழவரத்தில் இறங்கிக்கொண்டேன்.

அதே யுத்தத்தின்போது அமைந்த விமான ஓடுபாதை ஒன்று இவ்வூரில் உண்டு. யுத்தம் ஓய்ந்த பின்னர் அதில் பல வருஷங்கள் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன, ஆகையால் டீக்கடைக்காரரிடம் விமானத் தளத்துக்கு வழி கேட்டபோது, "ரேஸ் கிரவுண்டையா கேக்கறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டதில் ஆச்சரியமில்லை. உள்ளே செல்ல அனுமதி தேடும் பிரயத்தனத்தில் நான் இறங்கவில்லை. டீயை உறிஞ்சியபடி அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இதைப் போலவே கைவிடப்பட்டுக் கிடந்த வேறொரு ஓடுபாதை என் நினைவுக்கு வந்தது.

1965-ஆம் வருஷத்து யுத்தத்தின் துவக்கத்தில், ஸ்குவாட்ரன் லீடர் பிரிஜ்பால் சிங் சிக்கந்த் என்னும் இந்திய விமானி, தம் சகாக்களைப் பிரிந்து, பாகிஸ்தானிலுள்ள பஸ்ரூர் என்ற ஊரின் உபயோகமற்ற ஓடுபாதையில் தமது நாட் விமானத்தை இறக்கினார். திசை தப்பி, எரிபொருள் குன்றி, நம் எல்லைக்குள் இருப்பதாக எண்ணி இறங்கினார் என்பர் நம்மவர். எதிரி விமானத்துக்கு அஞ்சிப் பணிந்தார் என்பர் அவர்கள். எனக்கென்னவோ முதற்கூற்றே பொருத்தமாகப் படுகிறது. ஆகாயத்திலிருந்து நோக்கும்போது ஆளில்லாத ஓடுபாதை எந்நாட்டினதாயினும் ஒரே சாயலாகத்தானே தோன்றும்! அவர் சிறைப்பட்டார். இங்கிலாந்தில் நாட் ஓட்டிப் பழகியிருந்த பாகிஸ்தான் விமானி ஒருவர் அதைச் சர்கோதாத் தளத்துக்கு ஓட்டிச் சென்றார். இன்று அது கராச்சி நகரத்து விமானப்படைக் காட்சிசாலையில் நிற்கிறது.

பகைவனின் பொருளைத் தன் வசமாக்கிக்கொள்வது நமக்குப் புதிதன்று. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் காவல் மரமாகிய கடம்பை வெட்டி அதில் முரசு செய்துகொண்டான் என்று பதிற்றுப்பத்தால் அறிகிறோம். ஆனால் மரத்தை வெட்டிக் குடைந்து தோல் போர்த்தியபின் அதனிடத்தில் பழைய முகம் மிஞ்சுவதில்லை. விமானமோ எவர் கைக்கு மாறினும் பழைய முகத்தோடேயே பறக்கிறது. பிடித்தவனுக்கு அதனால் விளையும் தொல்லை கொஞ்சநஞ்சமன்று. 1941-இல் பிரிட்டிஷார், பிடிபட்ட ஜெர்மானிய விமானங்களை மட்டுமே கொண்டு 1426 என்ற எண்ணுடைய சிறு பிரிவொன்றை ஏற்படுத்தி, சத்துருவின் உருவத்தைத் தம் வீரர்கள் கண்டு பழகட்டும் என்று தளந்தோறும் அனுப்பினார்கள். அவற்றின்மேல் தங்கள் வட்டச் சின்னத்தைத் தீட்டி, அடிவயிற்றுக்கு மஞ்சள் வர்ணம் பூசியும் திருப்தியடையாமல், சொந்த பீரங்கிக்காரர்களே சுட்டு வீழ்த்திவிடுவார்களோ என்ற பயத்தால் ஸ்பிட்பயர் விமானங்களைத் துணைக்கு அனுப்பவேண்டியிருந்தது.

இந்தோனேசியர் இவ்விஷயத்தைச் சிக்கனமாக முடித்துவிட்டனர். ஜப்பானியர் விட்டுச் சென்ற விமானங்களைக் கைப்பற்றிய அவர்கள், இறக்கையிலிருந்த செவ்வட்டத்தின் கீழ்ப்பாதிக்கு வெள்ளை பூசினார்கள். சிவப்பும் வெண்மையுமாகத் தங்கள் கொடியின் நிறங்கள் அமைந்துவிட்டன. தம்மேல் சுமந்து வந்த சின்னத்தைப் பாதியளவேனும் காப்பாற்றிக்கொண்ட கைதிகள் அவை! டச்சுக்காரருக்கு எதிரான சுதந்தர யுத்தத்தில், 1947 ஜூலை 29-ஆம் தேதி விடிவதற்கு முன், 'சூரெங்' என்று அவர்கள் அழைத்த இரட்டைச் சிறகுப் பயிற்சி விமானங்கள் இரண்டும், 'குந்தெய்' என்ற வேறொன்றுமாக மூன்று பழைய ஜப்பானிய விமானங்கள், ஸெமராங், ஸலாத்திகா, அம்பராவா ஆகிய ஊர்களிலிருந்த டச்சுப் பாசறைகளின்மீது குண்டு வீசிவிட்டுப் பத்திரமாகத் திரும்பின. ஓட்டியவர்கள் பயிற்சி மாணவர்கள். அன்று மாலையே, நம் ஒரிஸாவின் பிஜு பட்நாயக்குக்குச் சொந்தமானதும் மருந்துகள் ஏற்றி வந்ததுமான டக்கோட்டா விமானத்தை யோக்யகர்த்தா அருகே டச்சு விமானங்கள் சுட்டு வீழ்த்தின. சூரெங்கில் சிவப்பு வெள்ளைச் சின்னத்தோடு முதன்முதல் பறந்த அடிசுசிப்தோவும் அதில் மாண்டார்.

சோழவரத்தில் மறுபடி பஸ் ஏறி, கொசஸ்தலையாற்றுப் பாலத்தையும் கவரைப்பேட்டையையும் தாண்டிக் கும்மிடிப்பூண்டி சேர்ந்தபோது உச்சிவேளை. ஆலை முற்றத்தில் பழைய இரும்பு மலையாகக் குவிந்திருந்தது. கப்பலில் வருகிற சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் உலையில் இடுவதில்லை என்றார் நண்பர். 2004-இல் காஸியாபாத் அருகே உருக்காலை ஒன்றில், இறக்குமதிச் சரக்கோடு கலந்து வந்த யுத்தக் குண்டு வெடித்துத் தொழிலாளர் பதின்மர் மாண்டதை அவர் எடுத்துச் சொன்னபோது, என்னையறியாமல் இரண்டடி பின்வாங்கினேன்.

காந்த கிரேன் இறங்கி, சைக்கிள் சட்டத்தையும் கார்க் கதவையும் ஒரே பிடியாக அள்ளிக்கொண்டு மேலெழுந்தது. இதற்குள் விமானம் ஏதும் வந்ததுண்டா என்று கேட்டேன்.

"ஏரோப்பிளேன் வந்தா எங்க காந்தம் தூக்காது சார். அது அலுமினியம்" என்று சிரித்தார் நண்பர்.

அதற்குள் கிரேன் விட்டுச் சென்ற இடத்தில் குனிந்த ஒரு தொழிலாளி, நசுங்கிய அலுமினியக் குண்டான் ஒன்றைப் பொறுக்கி, தனியே வைத்திருந்த கோணிக்குள் போட்டார்.