தமிழ் ஓட்டு என்று ஒன்று உண்டா?

2024 நவம்பர் 13 அன்று நடக்கவிருந்த பாலக்காடு சட்டமன்ற இடைத்தேர்தலை, கல்பாத்தித் தேர்த்திருவிழாவை முன்னிட்டுத் தேர்தல் ஆணையம் நவம்பர் 20க்குத் தள்ளிவைத்தது. ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகள் எல்லாம் சேர்ந்து கேட்ட கோரிக்கை அது. நகராட்சி எல்லைக்குள் இருந்தும் தன்னைக் கிராமமென்றே சொல்லிக்கொள்ளும் கல்பாத்தித் தமிழ் அக்ரகாரத்தை எந்தக் கட்சியும் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை. கேரளத்துத் தமிழரைப் பற்றிப் பேசும்போது ‘அக்ரகாரத்து ஓட்டு’, ‘எஸ்டேட் ஓட்டு’, ‘தமிழ் ஓட்டு’ என்று மூட்டை கட்டிவிடுவது வழக்கம். சாதியும் மொழியும் பிறப்பிலேயே கட்சியைத் தீர்மானித்துவிடுகின்றன என்பது அதன் உட்பொருள். இது தவறான கணக்கு என்றே நினைக்கிறேன். சிறிய ஊரில் ஒருவருக்கும் அவருடைய பிழைப்புக்கும் நடுவே யார் நிற்கிறார்களோ, அவர்களைப் பொறுத்தே வாக்கு நகர்கிறது.

இதற்குத் தேயிலைத் தோட்ட மலையான தேவிகுளத்தைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 1954 தேர்தலில், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இந்த மலைகளில் வென்றது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மலைத் தாலுகாக்கள் கேரளத்திலேயே நின்றன. அடுத்த ஆண்டே தேவிகுளம் தேர்ந்தெடுத்தது ரோசம்மா புன்னூஸை: மலையாளி, கம்யூனிஸ்ட். அந்தத் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாக, 1958 இடைத்தேர்தலிலும் அவரே வென்றார். கம்யூனிஸ்ட் பாடகர் பாவலர் வரதராசன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடி வாக்குக் கேட்டது அப்போதுதான். தம்பி இளையராஜாவும் உடனிருந்தார். பாட்டு தமிழில்தான், ஆனால் அது கேட்டது எல்லையை அல்ல. எல்லை முடிந்துபோன விஷயமாகிவிட்ட பிறகும் கூலி, லயம் எனும் வரிசை வீடு, கங்காணியின் அதிகாரம் என்ற கேள்விகள் அப்படியே இருந்தன. அவற்றைத் தோட்டத் துரையிடம் எடுத்துப்போக ஆள் வைத்திருந்தது தொழிற்சங்கம்.

அப்படியானால் 2016ல் அதிமுக தேவிகுளத்தில் பதினோராயிரத்துக்கு மேல் வாக்கு வாங்கியதை என்னவென்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்தத் தேர்தலில் வெற்றி வித்தியாசமே ஆறாயிரத்தை எட்டவில்லை. ஆனால் களத்தில் முன்னணியில் நின்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ராஜேந்திரன், காங்கிரஸின் ஏ.கே. மணி இருவருமே தமிழர்கள். எல்லாப் பக்கமும் தமிழராக இருக்கும்போது மொழி எதைத் தீர்மானிக்கும்? அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பரில் இருபது சதவீத போனஸ் கேட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்த கொழுந்து பறிக்கும் பெண்கள், கட்சி வேறுபாடின்றி எல்லாச் சங்கத் தலைவர்களையும் விரட்டினார்கள். நடுவில் நின்றவர்கள்மீதிருந்த நம்பிக்கை அறுந்த இடம் அது. அந்த நவம்பரில் அந்தப் பெண்களின் அமைப்பான பெம்பிளை ஒருமை உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களை வென்றது; மறு ஆண்டு சட்டமன்றத் தேர்தலிலோ அதற்குக் கிடைத்தவை சில நூறு வாக்குகள். இதை அந்தப் பெண்களின் நன்றிகெட்டதனமாகப் பேசுவோர்மேல் எனக்குக் கோபமே வருகிறது. போராட்டம் சில நாளில் முடியும். பிஎஃப் மனு, கிராஜுவிட்டி, சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை ஆகியவை ஆண்டு முழுதும் ஓடும். வேலை முடிந்தால் காலி செய்யவேண்டிய லயத்தில் இருப்பவர், அலுவலகப் படியேறத் துணை வருபவரை எளிதில் கைவிட முடியாது.

கல்பாத்தியின் கதை மறுதிசையில் போகிறது. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. உழுதவருக்கு அது விடுதலை. அந்த நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. குத்தகை நெல்லை நம்பியிருந்த அக்ரகாரத்துக்கு அதுவே வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கும் மும்பைக்கும் போகும் வேகத்தைக் கூட்டியது. இடதுசாரிகள்மீதான அக்ரகாரத்தின் விலகலை மத உணர்வு என்று மட்டும் படித்தால் இந்த நில வரலாறு விட்டுப்போகும். மத உணர்வே இல்லையென்று வாதிடவும் மாட்டேன்: 2015லும் 2020லும் பாலக்காடு நகராட்சி பாஜக கையில் இருந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் ஈ. ஸ்ரீதரனை நிறுத்தி 3,859 வாக்கில் தோற்ற கட்சி, 2024ல் 18,840 வாக்கில் தோற்றது. தொகுதி கல்பாத்தியைவிடப் பெரிது என்பது சரிதான். இருந்தாலும் மூன்றே ஆண்டில் இவ்வளவு அசைவதைப் பிறவிக் குணம் என்று எப்படிச் சொல்வது?

அப்படியும் சில பூத்துகள் ஒரே பக்கம் சாய்கின்றனவே என்றால், அதற்கு நம் எண்ணும் முறையும் காரணம். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத்துகளின் சீட்டைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் பூத் வாரியாகக் கணக்கு வெளியாகிறது. நகரத்தில் இதனால் பெரிய தீங்கில்லை. ஓர் எஸ்டேட்டுக்கு ஒரு பூத் என்றால், அங்கே தனிமனிதரின் ரகசியம் காக்கப்பட்டாலும் லயத்தின் ரகசியம் போய்விடுகிறது. சாலையும் தண்ணீரும் யாருக்கு முதலில் என்று முடிவெடுப்பவர் கையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. பல இயந்திரங்களின் வாக்கைக் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015ல் அதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. பூத் வாரிக் கணக்கு வெளிப்படைத்தன்மைக்கு உதவும் என்பது மறுதரப்பு வாதம். முறைகேட்டைக் கண்டுபிடிக்க அது பயன்படும் என்பதை மறுக்கவில்லை. அதற்கு நீதிமன்றம் கேட்டால் தரும்படி வைத்திருக்கலாமே. லயத்துப் பெண் சங்கத்துக்கோ கம்பெனிக்கோ அஞ்சாமல் மாற்றி வாக்களிக்க வேண்டுமானால், அவள் பூத்தின் எண்ணிக்கை பக்கத்துப் பத்துப் பூத்துகளோடு கலந்தாக வேண்டும்.