வாரும் பாவும்

துப்பாக்கியில் தொங்கும் வார், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கானது என்பதே பொதுவான எண்ணம். குறிபார்த்துச் சுடுகிறவர்களுக்கு அதன் முதன்மையான பயன் வேறு. ஆடிக்கொண்டேயிருக்கும் உடலைச் சில வினாடிகள் அசைவின்றி நிறுத்தித்தருவது அது.

துப்பாக்கி எங்கள் ஆரணிக்குப் புதிதன்று. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படையும், பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு வந்த ராசா சாகிபின் படையும் இந்த ஊரருகேதான் மோதின. அன்றைய மஸ்கட்டுகளின் குழலில் உட்புறச் சுழல்வரிகள் கிடையாது. கூட்டமாக நின்று கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். தனியொரு புள்ளியைக் குறிவைக்கத்தக்க ரைஃபிள் பரவிய பிறகே கையின் நடுக்கம் ஒரு பெரிய விஷயமாயிற்று.

கல்லூரி நாட்களில் என்.சி.சி. மாணவனாக .22 ரைஃபிளோடு தரையில் கவிழ்ந்து படுத்தபோது, பயிற்சியளித்த ஹவில்தார் வாரைக் கண்ணியாக்கி என் இடது மேற்கையில் ஏற்றி இறுக்கினார். மறுமுனை துப்பாக்கியின் முன்கட்டையோடு பிணைந்திருந்தது. இடது முழங்கையைத் துப்பாக்கிக்கு அடியில் கொண்டுவந்ததும் வார் விறைத்தது. மேற்கை, முன்கை, வார் மூன்றும் ஒரு முக்கோணமாயின. “புடிக்காதே தம்பி, சும்மா அதுமேல கைய வை” என்றார்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. தசை களைக்கும், களைத்தால் நடுங்கும். எலும்பும் வாரும் களைப்பதில்லை. பாரத்தை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டால் விரல்கள் தளர்ந்திருக்கலாம். ஆனால் வாரை அளவுக்கு மீறி முறுக்கினால் மேற்கை நாடியின் துடிப்பு குழல்வரை ஏறி, முன்குறி இதயத்தோடு சேர்ந்து துள்ளும். எல்லாம் சரியாக அமைந்ததா என்றறிய ஒரு சோதனை உண்டு. கண்களை மூடி, மூச்சை விட்டு, மீண்டும் திறக்கவேண்டும். குறி விலகியிருந்தால் கையால் துப்பாக்கியைத் தள்ளக்கூடாது. இடது முழங்கையை ஊன்றியபடியே இடுப்பை நகர்த்தி, முழு உடலையும் திருப்பவேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா தறிக்குழியில் கால்களை விட்டபடி உட்கார்ந்திருந்தார். மிதியிலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்: “பாவும் அப்படித்தானே. கையால இழுத்துப் புடிச்சிக்கினு ஒரு முழம் நெய்ய முடியுமா? இழுக்கிறத கயிறு பாத்துக்கும். கை அதும்பாட்டுக்கு வேலயப் பாக்கணும்.” பட்டுப்பாவு தளர்ந்தால் இழைகள் சீராகப் பிரியாது, மிஞ்சினால் அறும். அந்த இடைநிலையை அவர் உள்ளங்கையால் பாவைத் தடவியே அறிந்துவிடுவார்.

ரைஃபிள் போட்டிகளில் படுத்தும் மண்டியிட்டும் சுடும்போது வாருக்கு அனுமதியுண்டு. அதன் அகலம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நின்று சுடும்போது அதற்கு இடமே இல்லை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டி முழுவதும் நின்று சுடுவதே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் பெற்றார். அதன் மையவட்டம் 10.4 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தான். மண்டியிட்டும் படுத்தும் சுட்ட பிறகு, வாரில்லாமல் நின்று சுட்ட கடைசிக் கட்டத்தில்தான் அவர் மூன்றாம் இடத்துக்கு முன்னேறினார்.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனம் அப்பாவிடம் போயிற்று. எங்கள் தறியைப் பிரித்து ஆண்டுகள் பலவாகின்றன. பிள்ளைகள் இருவரும் வெளியூர் வேலைக்குப் போய்விட்டோம்; குழியை மூடிச் சிமெண்டு பூசியாயிற்று. அறுபதாண்டுகள் பாவின் மேல் பழகிய கைகள் இப்போது காப்பி டம்ளரை எடுக்கையில் நடுங்குகின்றன. முதுமை என்கிறார் மருத்துவர். அது சரியாகவே இருக்கலாம். ஆனால், மருமகள் புதுப்புடவையை விரித்துக் காட்டும்போது மட்டும் அவர் உள்ளங்கை அதன்மேல் மெல்லப் படிகிறது. அந்நேரம் அதில் நடுக்கம் இருப்பதில்லை.