சாந்த்ராகாச்சியில் ஒரு பூச்சித் தூண்டில்

சாந்த்ராகாச்சி என்றதும் நம்ம ஆட்களுக்கு ரயில்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் பறவைப் பைத்தியம் உள்ளவர்களுக்கு ஸ்டேஷனை ஒட்டிய ஏரி தெரிந்திருக்கும். குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். இங்கே காய்கறிக்காரரைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்: சாந்த்ராகாச்சி சேனைக்கிழங்கு. நாக்கு அரிக்காது என்று பேர் வாங்கியது.

இந்த மூன்றுக்கும் சம்பந்தமில்லாத ட்ரவுட் மீனைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். "38 டிகிரி வெயில் அடிக்கிற ஊரில் ட்ரவுட்டா?" என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜனவரியில் அம்மா தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து, மேட்டுப்பாளையம் வீட்டைப் பூட்டி, அப்பாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவுக்கு 76 வயது. வந்த நாளிலிருந்து பேச்சே இல்லை. பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அவர் முன்னால் போய் நிற்பேன். "சாப்பிட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? நடக்கப் போனீங்களா?" எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ம்." அவராகக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஜூன் மாசம் டிக்கெட் எடுத்துட்டயா கண்ணு?"

தங்கமணி விதவிதமாகச் சமைத்துப் பார்த்தாள். பையன் செஸ் பலகையைக் கொண்டுபோய் வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் பையன்தான் தாத்தாவின் சாமான்களுக்குள் இருந்த நீளத் துணிப்பையைப் பிரித்தான். கைத்தடி என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே மூன்று துண்டாக ஒரு மூங்கில் தூண்டில் கம்பு, பித்தளை ரீல், ஒரு பழைய மிட்டாய் டப்பா. டப்பாவுக்குள் சேவல் இறகில் கட்டிய பூச்சிகள்.

இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்த வேண்டியிருக்கிறது.

அப்பா மின்வாரியத்தில் இருந்தவர். குந்தா நீர்மின் திட்டத்துக் குடியிருப்பில்தான் என் சின்ன வயது போனது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு கட்டிய திட்டம் அது. பக்கத்திலேயே அவலாஞ்சி, எமரால்டு அணைகள். அவலாஞ்சியில் 1907-லிருந்து ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டிக் குளிர் கிடைத்தது, ஆனால் ஊர் ஞாபகத்துக்குத் தூண்டில் போட ஓடையில் அவர்கள் மீன் இல்லை. பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் 1860-களில் முயன்று தோற்றார். பிறகு எச்.சி. வில்சன் என்பவர் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து வெற்றிகரமாகப் பெருக்கினார். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்குச் சொந்தமான மீன் இப்படித்தான் நீலகிரி ஓடைக்குக் குடிவந்தது. பிழைக்க ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம் மட்டும் இல்லை!

எஸ்டேட்டை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வயதான துரை, வீட்டு வயரிங்கைச் சரிசெய்து கொடுத்த அப்பாவுக்கு இந்தக் கம்பைக் கொடுத்துவிட்டு, வீசவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாராம். சித்திரை, வைகாசியில் கோடை மழை இரண்டு விழுந்ததும், சீட்டு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஓடைக்கு இழுத்துப் போவார். எனக்கு எட்டு வயது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பூச்சித் தூண்டிலில் அது தலைகீழ். பூச்சிக்குக் கனமே கிடையாது, நூலுக்குத்தான் கனம். கம்பைப் பின்னால் வீசி, நூல் முழுசாக நீளும் வரை ஒரு நொடி பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு நொடியில் அவசரப்பட்டால் நூல் முழுக்கத் தலையில் வந்து விழும். "பின்னாடி போனது போய் முடிக்கட்டும் கண்ணு" என்பார் அப்பா.

இன்னொன்றும் சொல்வார். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து மேல்பக்கம் பார்த்துத்தான் நிற்கும். சாப்பாடு அங்கேயிருந்துதானே மிதந்து வரும். அதனால் நாம் கீழ்ப்பக்கமிருந்து, மீனுக்குப் பின்னால் போக வேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. அதிர நடக்கக்கூடாது, அதன் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டுக்கே அதிர்வு தெரிந்துவிடும். "எதுத்தாப்புல போயி நின்னா ஒண்ணும் கெடைக்காது."

பிடித்ததை அம்மா வறுப்பார். ட்ரவுட்டுக்குச் செதில் ரொம்பச் சின்னது, உரசவே வேண்டாம். மிளகும் உப்பும் மட்டும். 1988-ல் சமவெளிக்கு மாற்றல் வந்தது, கம்பு பரணுக்குப் போனது. அந்தப் பக்கத்து மலை ஓடைகள் பலவும் முக்குருத்தியோடு சேர்ந்து 1982-ல் சரணாலயத்துக்குள்ளும், 1990-ல் தேசியப் பூங்காவுக்குள்ளும் போய்விட்டன. வரையாடு இருக்கும் இடம் அது, நியாயம்தான்.

சரி, சாந்த்ராகாச்சிக்கு வருவோம்.

பையன் கம்பை மாட்டிப் பால்கனியில் நிறுத்தி வைத்திருந்ததை எதிர்வீட்டு மேஷோமஷாய் பார்த்துவிட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தூண்டில் பைத்தியம். மறுநாள் காலை கதவைத் தட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய் அப்பா பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு, அவரைப் பார்க்காமல், அவரைப் போலவே தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். மடியில் சொந்தத் தூண்டில். அரை மணி நேரம் ரீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் இப்படியே நடந்தது. மூன்றாம் நாள் அப்பா தன் ரீலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் குளத்துக்குப் போனோம். இந்தப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்குச் சொந்தக்காரர்களே நாள் டிக்கெட் கொடுக்கும் குளங்கள் உண்டு. மொழிபெயர்க்க நானும் போனேன். அப்பாவுக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாள் முழுக்க என்னை யாரும் கூப்பிடவே இல்லை.

மேஷோமஷாயின் ஏற்பாடு கல்யாணச் சமையல் மாதிரி இருந்தது. கடுகுப் புண்ணாக்கும் வறுத்த வெந்தயமும் கலந்து தண்ணீரில் போடும் 'சார்' ஒரு பக்கம், முள்ளில் மாட்டச் செவ்வெறும்பு முட்டை ஒரு பக்கம், மயிலிறகுத் தண்டில் தக்கை. மதியத்துக்குள் இரண்டு ரோகு, ஒரு கட்லா. அப்பா கம்பைத் தொடவில்லை. கூடையிலிருந்த கட்லாவை மட்டும் எடுத்து வாயைத் திறந்து பார்த்தார்.

"வாய் மேல பாத்திருக்குது. இது மேல மேயற மீனு."

ஜனவரிக்குப் பிறகு டிக்கெட் தவிர அப்பா தானாகச் சொன்ன முதல் வாக்கியம். எனக்கு ஏதாவது கேட்கத் தோன்றியது. நல்லவேளை, கேட்கவில்லை.

முந்தின நாள்தான் கால்பைசாகி அடித்து மழை கொட்டியிருந்தது. சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது கரையிலிருந்து ஈசல் கிளம்பியது. இங்கே 'பாதலா போக்கா' என்பார்கள். இறகு உதிர்ந்து குளத்தில் விழ விழ, தண்ணீரில் அங்கங்கே வட்டம் வட்டமாக. அப்பா எழுந்தார். மிட்டாய் டப்பாவில் தேடி, பழுப்பு இறகில் கட்டிய ஒன்றை எடுத்தார். முடிச்சுப் போடக் கை நடுங்கியது. ஒருமுறை தவறியது, இரண்டாம் முறையும் தவறியது. நான் பாய்ந்து எழுந்தேன். மேஷோமஷாய் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் பார்வை தன் தக்கையை விட்டு நகரவில்லை.

மூன்றாம் முறை முடிச்சு விழுந்தது.

முதல் வீச்சு அவர் தோளிலேயே சுற்றிக்கொண்டது. பழைய நூல் வேறு இற்றுப்போயிருந்தது. நிதானமாகப் பிரித்தார். அடுத்தது குளத்தின் பாதியில் தொப்பென்று விழுந்தது. அதற்கடுத்தது, பின்னால் போன நூல் நீண்டு முடியும் வரை பொறுத்து... எப்படிச் சொல்வேன், எனக்கு எட்டு வயதாகிவிட்டது. பூச்சி ஈசல்களுக்கு நடுவே சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு வட்டம். கம்பு வளைந்தது.

முக்கால் கிலோ கட்லா. அப்பா முள்ளை எடுத்தார். கொஞ்ச நேரம் மீனைத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

மேஷோமஷாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, நல்ல கட்லாவைத் தண்ணீரில் விடுகிற ஆளை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. "கேனோ?" என்றார். அந்த ஒரு வங்காளிச் சொல் அப்பாவுக்கு எப்படியோ புரிந்தது. ஏன் என்று கேட்டதற்குத் தமிழிலேயே பதில் சொன்னார்.

"வறுக்கறதுக்கு அவ இல்லீங்களே."

மேஷோமஷாய் தலையை ஆட்டினார். தன் கூடையை மூடிவிட்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருட்டும் வரை அப்பா அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். குந்தாக் குளிரில் விறகடுப்பு, மிளகு இடிக்கிற சத்தம், மீன் கிடைக்காத நாளில் அம்மா செய்த கேலி, ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி. எனக்கு இது எதுவும் சொன்னதில்லை. நான் நாலடி பின்னால், இருட்டில் உட்கார்ந்து கேட்டேன். எதிரில் போய் நிற்கவில்லை.

ஜூனில் அப்பா ஊருக்குத்தான் போனார். நிறுத்திப் பார்த்தேன், "வீட்டைப் பூட்டி வெக்கக் கூடாது கண்ணு" என்றுவிட்டார். ஆனால் கம்பை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பையன் மொட்டை மாடியில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி வீசிப் பழகுகிறான். பக்கத்துவீட்டுத் துணிக்கொடியில் இதுவரை இரண்டு சட்டை 'பிடித்திருக்கிறான்'.

ஞாயிறுதோறும் அப்பா போன் செய்கிறார், எனக்கு இல்லை, மேஷோமஷாய்க்கு. இவர் வங்காளியில் சொல்வார், அவர் தமிழில் சொல்வார். பத்து நிமிடம் ஓடுகிறது. என்னதான் பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

இமாச்சலத்தில் தீர்த்தன் நதியில் ட்ரவுட் உண்டு. மீன்துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மட்டும் கூடாது. வரும் சித்திரையில் கிழவர்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"நூல் மட்டும் புதுசா வாங்கி வெச்சிரு கண்ணு" என்றார்.

வாங்கிவிட்டேன்.